எலிக்குப் பூச்சி மாத்திரை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மடியில் ஸ்வீட் டப்பாவோடு உட்கார்ந்திருந்த பெண் திடீரென்று சொன்னாள்: "அண்ணி, எங்க எலிங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுத்துட்டேன்."

அவள் காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவள், பக்கத்திலிருந்த அண்ணிக்கு அங்கன்வாடியில் வேலை என்பதெல்லாம் பேச்சுவாக்கில் தெரிந்தது.

"எலிக்கு எதுக்குடி மாத்திரை?"

"எங்க சாரு வேணும்னே அதுங்க வயித்துல புழுவ ஏத்திவிட்டாரு. ஒடம்பு தானா எதிர்த்து வெளிய தள்ளுதான்னு பாக்கணுமாம். வாயில்லாத ஜீவன், மனசு கேக்கல. நீங்க புள்ளைங்களுக்குக் குடுக்குற மாத்திரை வூட்ல மிச்சம் கெடந்துச்சு. பொடிச்சுத் தீனியில கலந்துட்டேன்."

"அய்யய்யோ! திட்டுனாரா?"

"எங்க திட்டுனாரு? புழுக்கையச் சோதிச்சாரு, ஒரு புழு முட்டைகூட இல்லியாம். இப்படி ஒரு எதிர்ப்பு சக்திய எங்கயும் பாத்ததில்லன்னு குதிக்கிறாரு. டெல்லிக்குப் போயி இதப் பத்திப் பேசப் போறாராம்."

"உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இந்த மைசூர்பாக வச்சு அடைச்சிட்டாரு. நாளைக்கு அடுத்த கூண்டுக்கும் புழு ஏத்துறாரு. மாத்திரை தீந்துபோச்சு அண்ணி."

அண்ணி டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. அரியலூர் ஸ்டாண்டில் இறங்கும்போது அண்ணி கேட்டாள்:

"மொத்தம் எத்தனை எலிடி?"