லோரியை மறித்த தனலெட்சுமி அம்மையாருக்கு

கதிரியக்கச் சேற்றைக் கல்லாக்கிய கரங்களே! கண்டிப்பிலும் கனிவு குறையாத எங்கள் தலைவியே! கிள்ளான் ஆலையின் நுண்ணலைப் பிரிவைப் பத்தாண்டுகள் கட்டிக் காத்த தனலெட்சுமி அம்மையாரே, வணக்கம்!

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்பது சட்டம். கேட்டவர்க்கெல்லாம் பணி நீட்டிப்புத் தந்த நிர்வாகம் அம்மையாருக்கு மட்டும் கையை விரித்தது ஏன்? பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கூடியிருப்போர் அறிய, நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். முன்வரிசையில் இருக்கும் நிர்வாகத்தினர் முகம் சுளித்தாலும் சரி.

மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் கழிக்கும் கதிரியக்கச் சேறு எங்களிடம் பீப்பாயில் வரும். நுண்ணலை அடுப்பு அதன் ஈரத்தை வாங்கி, உருக்கி, கண்ணாடிக் கல்லாக இறுக்கும். கல்லானால் மழையில் கரையாது, ஊற்றில் கலக்காது. அந்த அடுப்புக்குள் மினுக்குத் தாள் மட்டும் போகவே கூடாது.

சென்ற ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வெளியே வைத்ததோடு எங்கள் கை நின்றது. மேலாளர் ராதாகிருஷ்ணனுக்கு அது போதவில்லை. அடுப்பின் உட்சுவரெங்கும் ஜிகினா ஒட்டினார்.

"சார், உள்ள ஜிகினா வேணாம். பொறி பறக்கும்," என்றார் அம்மையார்.

"போட்டோ எடுத்தோன கழட்டிடுவோம்லா, மேடம். சும்மா பயப்படாதீங்க."

கழற்றியது அரையும் குறையும். மறுநாள் அம்மையார் வருமுன்பே, ஆலையைப் பார்க்க வந்த விருந்தினர் எதிரில் மேலாளரே பொத்தானை அமுக்கினார். பொறி பறந்தது. அலை எழுப்பும் குழாய் கருகியது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! ஏச்சு முழுவதையும் அம்மையார்தான் வாங்கினார்.

அதையும் பொறுத்தார். புதுக் குழாய் வரும்வரை காத்திருக்க மனமில்லாத மேலாளர், கல்லாக்காத பச்சைச் சேற்றை அப்படியே ஜெஞ்சாரோம் ஊர்ச் செம்பனைத் தோட்டத்தில் புதைக்க லோரியை வரவழைத்தாரே, அதை மட்டும் பொறுக்கவில்லை. அந்தத் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கிணற்று நீர்தான் குடிநீர்!

அம்மையார் லோரியின் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, எஞ்சின அணைங்க! அந்தக் கிணத்துத் தண்ணிய ஒங்க வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பீங்களா?"

ஓட்டுநர் ரெங்கசாமி எஞ்சினை அணைத்து இறங்கிவிட்டார். பீப்பாய்கள் ஆலைக் கொட்டகைக்கே திரும்பின. அதோடு அம்மையாரின் நீட்டிப்பும் போயிற்று.

அம்மையாரே, நோய் நொடி அண்டாமல், நிமிர்ந்த நடையும் நேர்கொண்ட பேச்சும் குன்றாமல் நூறாண்டு வாழ்க! குழாய் இன்னும் வரவில்லை. தாங்கள் எப்போது போவீர்கள் என்று காத்திருந்தவர்கள், நாளைக் காலைக்கே லோரிக்குச் சொல்லிவிட்டார்களாம்.

வரட்டும். வாசலில் நாங்கள் அத்தனை பேரும் நிற்போம்.

இங்ஙனம்,
நுண்ணலைப் பிரிவுப் பணியாளர்கள்,
கிள்ளான், 1994