கையொப்பத்துக்கு மேலே ஒரு சுழி

மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன். மருதனார்மடச் சந்தைக்கு எதிரே கணினிக் கடைக்கு இடம் எடுத்தால் புழுக்கத்தையும் சேர்த்துத்தான் வாடகைக்குத் தருவார்கள். குகதாசனின் சுவிஸ் சட்டத்தரணி உங்களை அனுப்பியிருக்கிறார். அந்தக் கையொப்பம் ஏன் பிழையாகிப் போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

குகதாசனின் மனைவி உதயகலா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருவாள். அவன் தஞ்சம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டு சுவிஸில் அகதி முகாமில் இருந்தான். சட்டத்தரணிக்கு மின்னஞ்சல் எழுதிக் கொடுப்பது என் வேலை. என்னை எமில் அண்ணை என்பாள். அதற்கு மேல் என்னை அவள் ஒன்றாகவும் நினைத்ததில்லை. எனக்கோ அந்த வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் மூச்சுவிடவும் மனம் வராது.

வழக்குக் கடிதங்களை வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்ப வேண்டும், எழுதியவரின் மின்கையொப்பமும் வேண்டும் என்று சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் மென்பொருள் இரண்டையும் ஒரே தட்டில் செய்யும். ஆனால் அவருடையதற்கும் என்னுடையதற்கும் ஒத்துவரவில்லை. நான் அனுப்பியது அங்கே திறக்க மறுத்தது; அவர் அனுப்பியது இங்கே குப்பை எழுத்தாக வந்தது. கடைசியில் நானே வழி கண்டேன். ஒரு மென்பொருளில் கையொப்பம், இன்னொன்றில் பூட்டு. இரண்டுக்கும் நடுவில் கடிதம் சற்று நேரம் என் முன்னால் திறந்து கிடக்கும். அப்போது ஒரு புள்ளி கூடினாலும் போதும், கையொப்பம் பிழையாகிவிடும்.

குகதாசன் ஊரில் இருந்தபோது அவனை ஆட்கள் அடித்து இழுத்துப் போனதைக் கண்ட ஒரே சாட்சி பொன்னம்பலம் ஐயா. சமாதான நீதவான். வருத்தக்காரர், நெடுநாள் நோயாளி. ஓட்டோவில் வந்து, கண்டதைச் சொல்லி எழுதுவித்து, தன் இரகசியச் சொல்லைத் தானே தட்டிக் கையொப்பமிட்டுவிட்டுப் போனார். உதயகலா திரையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, மேலை பிள்ளையார் சுழி காணேல்லையே. ஒண்டு போட்டுவிடுங்கோவன்."

நான் வேதக்காரன், தேவாலயத்துக்குப் போகிறவன்; பிள்ளையாரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இனி ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உது சரிவந்தால் என்னையும் பிள்ளையையும் அங்கை எடுப்பிச்சுப்போடுவார் அண்ணை."

"ஓம், போடுறன்," என்றேன். போட்டேன். பூட்டி அனுப்பினேன்.

கையொப்பமிட்ட பின் கடிதம் மாற்றப்பட்டிருக்கிறது என்று அங்கே சிவப்பில் காட்டியதாம். மாற்றாத மூலப்பிரதி இருக்கிறதா என்று சட்டத்தரணி கேட்டு எழுதினார். வேறு பிரதி இல்லை, மென்பொருள்கள் ஒத்துவராததால் வந்த கோளாறு என்று பதில் போட்டேன். ஐயாவிடம் மறுபடி கையொப்பம் வாங்கவும் வழியில்லை. அதற்குள் அவர் மோசம் போய், செத்தவீடும் முடிந்துவிட்டது. சோடிக்கப்பட்ட சாட்சியம் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். குகதாசன் முகாமிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான்.

மூலப்பிரதி இந்தக் கணினியில்தான் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. அனுப்பியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். அவளும் போயிருப்பாள்.

போன வெள்ளிக்கிழமை பொட்டில்லாமல் வந்தாள். உடலைக் கொண்டுவர மனைவியின் கையொப்பத்தோடு கடிதம் வேண்டுமாம். அவளுக்கென்று ஒரு மின்கையொப்பச் சாவி உருவாக்கி, இரகசியச் சொல்லைத் தட்டுவித்தேன். சுழி போடவா என்று நானாகவே கேட்டேன்.

"துக்கக் கடிதத்துக்குச் சுழி போடுறேல்லை அண்ணை," என்றாள்.

போடவில்லை. ஒரு கோளாறும் இல்லாமல் கடிதம் போய்ச் சேர்ந்தது. கையொப்பம் சரி என்று சட்டத்தரணியே எழுதியிருந்தார்.

நான் சொன்னதை நீங்கள் அவளிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். கொஞ்ச நாள் அழுவாள், என்னோடு கதைக்க மாட்டாள். பிறகு வருவாள். இனி அவளுக்கென்று இங்கே என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?