விழா மலருக்கு எழுதாதது

நாகஜோதி: அத மொதல்ல அடிங்கண்ணே. "இசைப் பேரரசி"ன்னு போட்டா படிக்கிறவுக சிரிப்பாக.

பெனடிக்ட்: சபா செக்ரட்டரி சொன்னதத்தான் எழுதுறேன். சனிக்கிழமை உனக்குப் பாராட்டு விழா. மலர்ல ஒரு பக்கம் நிறையணுமாம்ல.

நாகஜோதி: நிறையாட்டி எம் போட்டோவப் பெருசாப் போடச் சொல்லுங்க. "நாகஜோதி, வாய்ப்பாட்டு, நாப்பது வருசம்"... போதும்.

பெனடிக்ட்: வயசு?

நாகஜோதி: அதெல்லாம் எதுக்கு...

பெனடிக்ட்: நாப்பது வருசமாப் பாடுறவளுக்கு முப்பதுன்னா போட முடியும்?

நாகஜோதி: மொதக் கச்சேரிய எழுதுங்க. பழங்காநத்தம் கோயில் திருவிழா. வயலினுக்குச் சொல்லிவச்ச ஆளு வரல. உங்க மிஷன் ஸ்கூலுக்கு ஆள் விட்டாக.

பெனடிக்ட்: நான் ஏழாங்கிளாஸ்ல பூகோளம் நடத்திக்கிட்டு இருந்தேன். பெட்டியத் தூக்கிக்கிட்டு அப்படியே வந்தேன், பேன்ட்டோட.

நாகஜோதி: அந்தப் பேன்ட்டோட மேடையில சம்மணம் போடவும்...

பெனடிக்ட்: அத எழுத முடியாது.

நாகஜோதி: கிழிஞ்ச சத்தம் மைக்குல கேட்டுச்சுண்ணே. எங்கப்பா மேடையேறி மாத்து வேட்டியக் குடுக்கலன்னா நீங்க எந்திரிச்சிருக்கவே முடியாது.

பெனடிக்ட்: உங்கப்பா கருத்தக்கண்ணன் ஐயா பெரிய மனுசன். ஆனா மொத வரிசையில உக்காந்து தாளம்னு ஒன்னு போட்டாரு பாரு...

நாகஜோதி: ஆதி தாளத்துக்கு ஒம்போது எண்ணுனாரு.

பெனடிக்ட்: எட்டோட நிறுத்தணும்னு யாராச்சும் சொல்லிருக்கலாம். அவரப் பாத்துட்டு நான் ரெண்டு எடத்துல தாளத்த விட்டுட்டேன்.

நாகஜோதி: கதிர் அடிக்கிற ஆளுக்கு எட்டென்ன, ஒம்போதென்ன. மக பாடுறா, அம்புட்டுத்தான். மறுநாளே ஊர்ல கேட்டாக, "பொட்டப்புள்ளைய மேடையேத்துனதும் இல்லாம, பக்கத்துல வேதக்காரரையா உக்கார வச்ச"ன்னு.

பெனடிக்ட்: இது எனக்குத் தெரியாதே. ஐயா என்ன சொன்னாரு?

நாகஜோதி: "என் வேட்டியக் கட்டியிருந்தாருப்பா, நம்ம ஆளுதான்"னுட்டாரு.

பெனடிக்ட்: இம்புட்டு வருசமாச் சொல்லலையே நீ... இத எழுதுறேன்.

நாகஜோதி: கண்ணத் தொடச்சுட்டு எழுதுங்க. எழுத்துக் கோணிரும்.

பெனடிக்ட்: தூசி. உன் வீட்டுல ஃபேனத் தொடச்சு எத்தன வருசமாச்சோ. சரி, அடுத்து ரேடியோ... ஏ கிரேடு... எழுதிட்டேன். மெட்ராஸ் டிசம்பர் கச்சேரி?

நாகஜோதி: பகல் ஒரு மணிக்குக் குடுத்தாக. கூட்டம் பூராம் கேன்டீன்ல இருந்துச்சு. ஹால்ல பதினோரு பேரு.

பெனடிக்ட்: பன்னெண்டு. கதவுகிட்ட ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருந்தாரு.

நாகஜோதி: திரும்பி வாரப்ப பஸ்ஸுல நான் அழுதேன். நீங்க மேலூர் வர்ற வரைக்கும் அவரு குறட்டை எந்த ராகம்னு விளக்கிக்கிட்டு வந்தீக. அந்த நாளெல்லாம் இப்ப நெனச்சா ஏக்கமா இருக்குண்ணே.

பெனடிக்ட்: ம்... மாப்ள தவறுனப்ப ஒரு வருசம் நீ பாடல. அத விட்டுரவா?

நாகஜோதி: ஏன் விடணும்? எழுதுங்க. எங்க வீட்டுக்காரர் போன பெறகு நான் வாயத் தெறக்கல. நீங்க ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு நேரா இந்தக் கே.கே. நகர் வீட்டுக்குத்தான் வருவீக. ஒரு மணி நேரம் வாசிப்பீக, காபி குடிப்பீக, போயிருவீக. ஒரு வார்த்தை பேசமாட்டீக.

பெனடிக்ட்: எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

நாகஜோதி: ஒருநா கல்யாணி ராகம் வாசிச்சீக. அதுல மத்திம சுரத்த மாத்தி ஒன்னு வாசிச்சீக பாருங்க... அடுப்படியில நின்ன எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. கரண்டியும் கையுமா வந்து அந்த எடத்தச் சரியாப் பாடிக் காட்டுனேன்.

பெனடிக்ட்: அன்னைக்குப் பாட ஆரம்பிச்சவதான்.

நாகஜோதி: தப்ப வேணும்னேதான வாசிச்சீக?

பெனடிக்ட்: வேணும்னேதான்... அன்னைக்கு.

நாகஜோதி: என்னண்ணே, பேனாவ மூடுறீக? இன்னும் பாதிப் பக்கம் கெடக்கு.

பெனடிக்ட்: ஜோதி... சனிக்கிழமை எம் மக பெர்சி வாசிக்கட்டுமே. உம் பாட்டெல்லாம் அவளுக்குப் பாடம்.

நாகஜோதி: உங்களுக்கு என்ன?

பெனடிக்ட்: முட்டி வலி. கீழ உக்கார முடியல.

நாகஜோதி: ஒரு மணி நேரமாத் தரையிலதான உக்காந்திருக்கீக.

பெனடிக்ட்: விரலும் நடுங்குது.

நாகஜோதி: எங்க, எழுதுனதக் காட்டுங்க. முத்து முத்தா இருக்கு. இந்தக் கையா நடுங்குது?

பெனடிக்ட்: பெர்சிக்கும் ஒரு மேடை...

நாகஜோதி: நீங்க இல்லாம நான் அந்த மேடையில உக்காரமாட்டேன். இப்பவே செக்ரட்டரிக்குப் போன் போட்டு விழாவே வேணாம்னுருவேன். போடவா?

பெனடிக்ட்: போடாத... போன மாசம் ஒத்தக்கடை காலேஜ் கச்சேரியில ஒரு எடத்துல தப்பா வாசிச்சேன்ல. அது வேணும்னு வாசிச்சதில்ல.

நாகஜோதி: சொல்லுங்க.

பெனடிக்ட்: எனக்குக் காது போயிருச்சு ஜோதி. பேச்சுக் கேக்குது, கீழ பாடுறது கேக்குது. நீ மேல் ஷட்ஜத்துக்குப் போயிட்டா ஒன்னும் கேக்கல. ரெண்டு வருசமா விரல் பழக்கத்துல ஓட்டுறேன். உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் விழாவுல உனக்கு அவமானம் தேடித் தரமாட்டேன்.

நாகஜோதி: தெரியும்ணே.

பெனடிக்ட்: என்ன தெரியும்?

நாகஜோதி: மேல போறப்பெல்லாம் எங் கையவும் வாயவும் பாத்துக்கிட்டே வாசிக்கிறீக. பக்கத்துல உக்காந்திருக்கவளுக்குத் தெரியாதா?

பெனடிக்ட்: தெரிஞ்சேவா ரெண்டு வருசமாக் கூட்டிக்கிட்டுத் திரியுற... பாவம்னா?

நாகஜோதி: யாருக்கு யாரு பாவம்... எனக்கும் ரெண்டு வருசமா மேல குரல் நிக்கலண்ணே. ஒடையுது. சபையில யாரு கேட்டாலும் எனக்குக் கவலையில்ல. நாப்பது வருசமா நான் பயந்து பாடுனது உங்க ஒருத்தர் காதுக்குத்தான். அதுக்குக் கேக்கலன்னு தெரிஞ்ச பெறகுதான் தைரியமா மேல போறேன். பெர்சிக்குக் காது நல்லாக் கேக்கும்... அவ வேணாம்.