எட்டும் தூரத்தில் ஒரு கை

கூழாங்கற் கரையில் நடப்பதற்குத் தடித்த ரப்பர் செருப்புத்தான் நல்லது. விடுமுறைக்குப் போயிருந்த டுப்ரோவ்னிக் நகரின் கோட்டை மதிலுக்கு அப்பால், பைன் மரங்களுக்குக் கீழே ஒளிந்திருந்த அந்தச் சின்னக் குடாவுக்குப் போன அன்று, என் மனைவி தங்கமலருக்கும் ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

நான் புளுகன். நாங்கள் குடியேறி வாழும் ஸ்கீவ நகரத் தமிழர் எல்லோருக்கும் அது தெரியும். வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திப்போய், தேத்தண்ணி குடித்துவிட்டு நீந்தித் திரும்பியவன் நான். துரத்திய சுறா களைத்துப்போய் என் முதுகில்தான் இளைப்பாறியது. உண்மையில் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்ததோடு சரி. எல்லோரும் சிரிப்பார்கள். தங்கமலர் மட்டும், "பாவம், அந்தச் சுறா" என்பாள்.

குடாவில் வேறு ஆளில்லை. எதிரே கடலுக்குள் ஒரு பாறை தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, உந்தப் பாறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களே?"

"ஓம், வா. என்ரை தோளைப் பிடி."

எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னை நம்புகிற ஒரே ஆளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

தண்ணீருக்குள் இறங்கி நடந்தோம்; காலடியில் கூழாங்கல் திட்டு சட்டென்று சரிந்தது. இருவரும் தாழ்ந்தோம். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது; யாருக்கும் முட்டும். அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிறகு அவள் வயிற்றில் காலை ஊன்றி உதைத்தேன். அந்த உந்தலில் நான் திட்டுக்கு வந்துவிட்டேன். நெஞ்சளவு தண்ணீர்தான்.

அவள் கை எட்டும் தூரத்தில் நீண்டது. பிடித்தால் என்னையும் இழுத்துவிடுவாளோ என்று யோசித்தேன். யோசித்து முடித்தபோது கை இல்லை.

நான் மூன்று தரம் மூழ்கிச் சுழியோடி அவளைத் தேடினேன் என்று இங்கே ஸ்கீவவில் ஒரு கதை பரவிவிட்டது. அது நான் கட்டியதல்ல. தமிழர் கூடும் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது நழுவாமல் பிடித்துக்கொண்டேன்.

ஒருவராவது என்னை உள்ளபடி அறியட்டும் என்று நேற்று மகள் சாரங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உதைத்ததையும்.

"ஸ்டொப், அப்பா," என்றாள். கண் கலங்கியிருந்தது. "அம்மாவை வைச்சுமே புளுகுவீங்கள்? உங்களை நீங்களே வதைக்காதேங்கோ. அந்த மூண்டு தரம் சுழியோடினதைச் சொல்லுங்கோ. உங்கடை வாயாலை நான் இன்னும் கேக்கேல்லை."

சொன்னேன். மூன்றாம் தரம் அம்மாவின் கை அகப்பட்டது, இறுகப் பிடித்தேன், கடல்தான் பறித்துக்கொண்டது என்றேன். சாரங்கா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிள்ளைக்காகத்தான் சொன்னேன்.