கூப்பிட்டால் திரும்புகிறவன்

உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு. தூண்டிலைப் பார்த்துக்கொண்டு பொழுதெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். என் சிநேகிதன் டேலுக்கு அது வராது. கொஞ்ச நேரம் மீன் கடிக்கவில்லை என்றால் பேச ஆரம்பித்துவிடுவான். பேசினால் என் பெயர் வரும்.

நீங்களும் இன்று கதவைத் தட்டி, "ஜால்மரி இருக்காரா?" என்றுதான் கேட்டீர்கள், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்தேன் அல்லவா. என் பெயர் யால்மரி. அப்பாவும் அம்மாவும் பின்லாந்திலிருந்து இந்த மினசோட்டா இரும்புச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பாவின் அண்ணன் சுரங்கத்தில் மண் சரிந்து செத்தார். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். எழுதுவது J போட்டுத்தான், ஆனால் எங்கள் மொழியில் அதை 'ய' என்று படிப்போம். சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமான பெயர் இல்லை. வாயைத் திறந்தாலே பாதி வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் என் பெயரைப் பார்த்துவிட்டுத் திணறினார். பின் பெஞ்சிலிருந்து டேல் எழுந்து, "ஜால்மரி, டீச்சர்! எங்க பக்கத்து வீட்டுப் பையன்!" என்றான். உதவி செய்யத்தான் நினைத்தான். அவன் வாயிலிருந்து விழுந்தது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சுரங்கத்தில் மேஸ்திரி, மாதா கோயிலில் பாதிரியார், கடைக்காரர் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, கிளாஸைத் தூக்கி அவன் வாழ்த்தியதும் அந்தப் பெயரைத்தான். என் பெண்டாட்டி கேரலுக்கும் அதுவே பழகிப்போயிற்று. சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசியாகக் கூப்பிட்டது ஜால்மரியை. அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நான்தான் பதில் சொன்னேன்.

அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே செத்துப்போனார். சரியாகக் கூப்பிட்ட வாய் ஒன்றே ஒன்று, அம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துவைத்துவிட்டு அடுக்களையிலிருந்து கூப்பிடுவாள். அவளைப் புதைத்த பிறகு அந்தச் சத்தம் உலகத்திலிருந்தே போய்விட்டது. வீட்டில் தனியாக இருக்கும்போது நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வதில் ஒன்றுமில்லை, ஐயா. கண்ணை மூடுவதற்குள் இன்னொருவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. அது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

டேல் கெட்டவன் இல்லை. கேரல் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தினமும் வந்து எங்கள் வாசல் பனியை அள்ளிப் போட்டவன் அவன். அதையும் உங்கள் போலீஸ் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் வந்துவிட்டால், பனி இளகும் முன் ஏரி மேல் நிற்கும் மீன்பிடிக் குடிலைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அதற்காகத்தான் சனிக்கிழமை காலை நாங்கள் போனோம். குடிலுக்குள் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றும்போது கேட்டேன்.

"டேல், என் பேரை ஒரு தடவை ஒழுங்கா சொல்லேன். யால்மரி."

அவன் சிரித்துவிட்டான். "என்னடா இது, பல்லு போன காலத்துல பேர் வைக்கச் சொல்றே? அரை டிராயர் போட்ட நாள்லேர்ந்து கூப்பிடறேன். நான் கூப்பிட்டா நீ திரும்பறியா இல்லையா?"

"திரும்பறேன்."

"அப்புறம் என்ன? எதுக்குத் திரும்பறியோ அதுதாண்டா உன் பேரு. காப்பி ஆறுது, குடி ஜால்மரி."

நியாயமான பேச்சுதான். காப்பியைக் குடித்துக்கொண்டே அவன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன்.

முதல் நடையாகச் சாமானைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கரைக்குப் போகும் குறுக்கு வழி, ஆறு வந்து விழுகிற முனையை ஒட்டிப் போகும். அங்கே அடியில் ஓட்டம் உண்டு. பனிக்கட்டி மேலே வெள்ளையாகத் தெரிந்தாலும் கீழே கரைந்திருக்கும். எப்போதும் நான்தான் கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடப்பேன், அவன் என் காலடியைப் பார்த்துப் பின்னால் வருவான். அன்று கடப்பாரையைச் சறுக்கு வண்டியிலேயே விட்டுவிட்டேன். "நீ முன்னாடி போ, பார்த்தாச்சு" என்றேன். கடப்பாரையை மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னது உண்மையில்லை. மன்னிக்க வேண்டும்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. மார்பு வரை தண்ணீரில் இறங்கிவிட்டான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஜால்மரி! கயித்தப் போடுடா, ஜால்மரி!" என்றான். கயிறு வண்டியில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். திரும்பவில்லை. அவன் சொன்ன கணக்குப்படியே பார்த்தேன். நான் திரும்பாவிட்டால் அது என் பெயர் இல்லையே.

நிறையக் கூப்பிட்டான். பெண்டாட்டியைக் கூப்பிட்டான், கடவுளைக் கூப்பிட்டான், மறுபடி ஜால்மரியைக் கூப்பிட்டான். குரல் கம்மிக்கொண்டே வந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"யா, டேல்," என்று எடுத்துக்கொடுத்தேன். "யா."

பல் கிட்டிப்போன வாயால் சொன்னான். "யால்மரி."

அப்படியே அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்தது. நடுவில் அதே இழுப்பு. ஏலக்காய் வாசனைகூட வந்தது, நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே திரும்பினேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினான். கயிற்றை வீசியிருந்தால் எட்டியிருக்கும்.

"இன்னொரு தடவை சொல்லு, டேல்," என்றேன்.

வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் சொல்லியிருந்தால் கயிற்றைப் போட்டிருப்பேன், ஐயா.