சாம்பல் குளத்துத் தண்ணி

அது சாம்பல்தான் மேடம். துடைச்சாலும் நாளைக்கு வந்துடும். இந்த அனல்மின் ஆலையை மூடி மூணு வருஷம் ஆச்சு, இன்னும் காத்தடிச்சா குளத்துல இருந்து எழும்பி வந்து மேஜையில உக்காந்துக்குது. ஃபைலை மடியிலயே வச்சுக்கோங்க.

சேச்சே, உங்க வேலையைத் தடுக்கணும்னு இல்ல. நாட்டுக்கு கரண்ட் வேணும், எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நிக்குதுன்னா சும்மாவா. ஆலையையும் திறக்கணும், கீழ்த்தெருத் தண்ணியும் கெடக்கூடாது. அப்படி ஒரு அறிக்கை வேணும், அதானே. தண்ணியைச் சோதிச்சு நம்பர் எடுத்து வச்சிருக்கேன், தரேன். ஆனா நம்பர் கொடுக்கிறவன் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியணும்ல.

என் மேல நடந்த விசாரணையோட அறிக்கை படிச்சீங்களா. சரி. அதுல இருக்கிறது எல்லாம் நான் சொன்னதுதான்.

ஆறு வருஷத்துக்கு முந்தின அந்தக் கோடை அப்படி, கரண்ட் போகாத நாளில்ல. எங்க அண்ணன் இதே ஆலையில கொதிகலன் பக்கத்துல இருபது வருஷம் நின்னவர். நுரையீரல் போயிடுச்சு. வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின் வச்சிருந்தோம். கரண்ட் போனா அது கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் அடங்கிடும். சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கும், ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கப்புறம் அண்ணி விசிறுவாங்க. விசிறி என்ன பண்ணும் மேடம். ஆனா சும்மா உக்காந்து பாக்க முடியுமா. ஒரு தடவை கரண்ட் வந்ததும் அண்ணன் மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சார். டேய், வாழ்க்கை பூரா கரண்ட்டு தயார் பண்ணி அனுப்பினது நான், எவனோ ஏசி போட்டுத் தூங்குறான்டான்னார்.

அந்தச் சமயத்துலதான் குளத்துத் தண்ணியில ஆர்சனிக் அளவு தாண்டிச்சு. கொஞ்சம் இல்ல, அஞ்சு மடங்கு. அந்த நம்பர் வெளிய போனா மறுநாளே ஆலையை நிறுத்தணும், சட்டம். பெரிய இன்ஜினியர் மிரட்டினாரான்னு எல்லாரும் கேட்டாங்க. இல்ல மேடம். நீ பாத்ததை எழுதுப்பா, வர்றது வரட்டும்னு போன்ல ஒரே வார்த்தை சொல்லிட்டு வச்சுட்டார். நான்தான் புள்ளிக்கு அப்புறம் ஒரு சைபர் சேர்த்தேன், அளவு பத்துல ஒரு பங்காயிடுச்சு. ஒரு மாசம் சேர்த்தா அடுத்த மாசமும் சேர்க்கணும்ல. சேர்த்தேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு கீழ்த்தெரு டெய்லர்கிட்ட சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். அவர் கை கழுத்துல பட்டுச்சு, உப்புத்தாள் மாதிரி. என்னங்க கைன்னேன். விரிச்சுக் காட்டினார். உள்ளங்கை பூரா காய்ச்சு வெடிச்சிருக்கு, புறங்கையெல்லாம் கரும்புள்ளி. ஊசி பிடிச்சா நிக்கல சார், வீட்டுலயும் இப்படித்தான், இப்ப மகளுக்கும் ஆரம்பிக்குதுன்னார். அப்புறம் கேட்டார், நீங்கதானே தண்ணி பாக்குறவர், எங்க கிணறு நல்லாத்தானே இருக்குன்னு.

இருக்குன்னேன்.

ஆமா மேடம், அப்படித்தான் சொன்னேன். அவர் நாடாவைப் பிடிச்சிருக்கார், நான் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறேன். வேற என்ன வாயில வரும்.

அடுத்த வருஷம் வெளியாளுங்க வந்து சோதிச்சாங்க, ஆலையை மூடினாங்க, விசாரணை வச்சாங்க. அண்ணன் மூச்சுக்காக எழுதினேன்னு சொன்னேன். உக்காந்திருந்த மூணு பேர்ல ஒரு அம்மா கண்ணைத் துடைச்சாங்க. கீழ்ப்பதவிக்கு இறக்கினாங்க, அவ்வளவுதான். வாசல்ல டெய்லர் நின்னார். அடிப்பார்னு நினைச்சேன். அடிச்சிருக்கலாம். கூடப்பிறந்த உயிர் சார், நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்னு தோளைத் தட்டிட்டுப் போனார். அந்தக் கையாலதான். இப்பவும் எதிர்ல வந்தா நின்னு விசாரிப்பார். அதனால நான் சுத்தி வேற தெரு வழியா வீட்டுக்குப் போறேன்.

இந்தாங்க உங்க நம்பர். போன வாரம் கீழ்த்தெருக் கிணத்துல எடுத்தது. இருக்க வேண்டிய அளவுக்கு இன்னும் ரெண்டு மடங்கு இருக்கு. குளத்துக்கு அடியில கசியாம விரிப்பு போட்டுட்டுத் திறங்க. அதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அந்த ஒன்றரை வருஷமும் ஏதோ ஒரு வீட்டுல மெஷின் நிக்கும். அதுவும் நிஜம்தான். எது பெருசுன்னு என்கிட்ட மட்டும் கேக்காதீங்க.

அண்ணனா. இல்ல மேடம். அந்தக் கோடையிலயே போயிட்டார். ஒரு மத்தியானம், நாலு மணி நேரம் கரண்ட் வரல. மே பத்தாம் தேதி.

என்ன, ஃபைலைப் புரட்டுறீங்க. ஆமா, சைபர் சேர்த்த முதல் அறிக்கைதான். கீழ பாருங்க, என் கையெழுத்து. மே இருபத்தொண்ணு. சரியாத்தான் படிக்கிறீங்க. விசாரணையில யாரும் ரெண்டு தேதியையும் சேர்த்துப் பாக்கல.

மெஷினை அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்தாச்சு.

எதுக்கு எழுதினேனா. புழுக்கம் மேடம். காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுல ஆளில்ல, பதினோரு நாளா தூக்கமில்ல. ஃபேன் ஓடினா கொஞ்சம் கண்ணசரலாம்னு தோணிச்சு.