மச்சான் அறுத்த கார்டு

பெயர் செல்லையன், வயது 52, தகப்பனார் பெயர் பொன்னுதாஸ், பாறசாலை இஞ்சிவிளையில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. உலகத்தில் ஒருவரும் நம்பாத கதையைச் சொல்லப்போகிறேன் என்று முதலிலேயே சத்தியமாக உறுதி கூறுகிறேன்.

என் தங்கை நேசத்தின் கணவர் அருமநாயகம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். போன ஞாயிறு பிற்பகல், கல்ஃபிலிருந்து வந்த ஒரு நெட்வொர்க் கார்டை மாட்ட, மெக்கானிக் விஜினை அழைத்தார். நானும் இருந்தேன். விஜின் மேசைமேல் கிடந்த கார்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "வேண்டாம் சாரே. இது மூணு சொச்சம் வோல்ட்டு கார்டாக்கும். இங்க உள்ளது அஞ்சு வோல்ட்டு ஸ்லாட். மாறிப் போடாம இருக்கத்தான் கார்டு பல்லுக்கு நடுவுல உள்ள வெட்டை இடம் மாத்தி வச்சிருக்கு" என்றார். கூடுதல் வோல்ட்டை வடிக்க உள்ளே டயோடு உண்டே என்று மச்சான் கேட்டதற்கு, அது நெய்யாறு அணையின் மதகு மாதிரி, எப்போதாவது பொங்குவதைத்தான் வடிக்கும், எந்நேரமும் வெள்ளமென்றால் அணையே போய்விடும் என்று சொல்லிவிட்டு விஜின் சாயா குடிக்கப் போனார்.

அதன் பிறகு மச்சான் என் கடையிலிருந்து ஹாக்ஸா பிளேடு எடுத்துவந்து, "இத்திரி அறுத்தா உள்ள போவும், செல்லையா" என்று சொல்லி, கார்டின் பொன்னிறப் பற்களுக்கு நடுவே புதிதாக ஒரு வெட்டு அறுத்தார். தங்கையின் புருஷன் என்பதால் நான் தடுக்கவில்லை. அறுத்த சத்தத்தில் களியக்காவிளையில் பஸ்கள் நின்றன. அதன் பிறகு கார்டைச் சொருகி சுவிட்சைப் போட்டார். எழுந்த புகையைக் கண்டு, புயலென்று பயந்து, பூவாரில் வள்ளங்கள் கரைக்குத் திரும்பின.

இந்த இடத்தில், ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அதையும் எழுதச் சொன்னேன்.

விஜின்தான் மெஷினை எரித்தார் என்று மச்சான் புகார் கொடுத்திருக்கிறார். விஜின் வெளியே பெஞ்சில் இருக்கிறார். அவருடைய பாஸ்போர்ட் விசாரணை இந்த மாதம் இதே ஸ்டேஷனுக்கு வரவேண்டும். கேஸ் விழுந்தால் கல்ஃப் போக முடியாது. என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. இன்று காலை நேசம் சொன்னாள்: "எண்ணே, நீ எது சொன்னாலும் இந்த ஊர்ல ஒருத்தரும் நம்பப் போறதில்ல. பேசாம இரி." அவள் சொன்னதும் சரிதான். ஊர் சிரிக்கவேண்டுமென்று நானே ஆயுசு முழுக்கப் புளுகிப் பழக்கிவைத்தது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். பஸ் நின்றது பொய். வள்ளம் திரும்பியது பொய். புகை ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. மச்சான்தான் அறுத்துச் சொருகினார், விஜின் அந்தக் கார்டைத் தொடவில்லை என்ற சின்ன பாகம் மட்டும் உண்மை. அந்த வரிக்குக் கீழே மட்டும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செல்லையன்